அம்புக்குறிப் படமா, தொட்டிக் கணக்கா?

சிறுபோகத்துக்கு (கோடை நெல் விதைப்புக்கு) எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் பங்குனிக்குப் பங்குனி வாக்குவாதம்தான். எங்களுடையது இரணைமடு போலப் பெரிய குளம் இல்லை, பத்தடிக் குளம். போன வருடத்துக்கு முதல் வருடம் அதைக் கடதாசியில் வரைந்து பார்ப்போம் என்று தொடங்கி, இரண்டு விதமாக வரைந்தோம்.

ஒன்று அம்புக்குறிப் படம். எது எதைக் கூட்டும், எது எதைக் குறைக்கும் என்று அம்பு போட்டு இணைப்பது. ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. தண்ணீர் தட்டுப்படும் என்ற பயத்தில் துலுசுக்கு (குளத்து மதகுக்கு) கிட்டக் காணி உள்ளவர்கள் கூடப் பாய்ச்சுவார்கள். கடைசிக் காணிகளுக்கு இன்னும் தட்டுப்படும். அங்கே இரவில் வாய்க்கால் வெட்டுவார்கள். "வெட்டினது நான்தான், அம்பை என்ர பக்கம் போடு தம்பி" என்று ஒரு அண்ணை சொல்ல, கூட்டமே சிரித்தது.

மற்றது தொட்டிக் கணக்கு. 1950களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் தொழிற்சாலைகளின் ஏற்ற இறக்கத்தை விளங்கிக்கொள்ள உருவாக்கிய முறையின் எளிய வடிவம்: இருப்பு ஒரு பெட்டி, வரவும் செலவும் குழாய்கள். எங்களுக்கு வரவு மழையும், மேற்குளம் நிரம்பி வான் வழியே வழிந்து வரும் தண்ணீரும். செலவு துலுசு, ஆவி, கசிவு.

நான் இதன் பக்கம். காரணம் ஒன்றுதான்: பிழைத்தால் காட்டிக்கொடுக்கும், திருத்தவும் இடம் தெரியும். கிழமைக்கொரு தடவை கொப்பியில் எழுதிய தொட்டிக் கணக்கைக் குளத்து அளவுகோலோடு ஒப்பிடுவோம். முதல் வருடம் எல்லா அடியிலும் ஒரே அளவு தண்ணீர் என்று எடுத்துவிட்டோம். ஆனி மாதம் அளவுகோலில் ஐந்தடி. கொப்பியில் பாதித் தண்ணீர் மிச்சம். அதன்பிறகு அடிகள் கிடுகிடுவென்று இறங்கின. குளம் வாளி இல்லை, தாச்சி. மேலடி அலைகரை முழுக்கப் பரந்து கிடக்கும், கீழடி துலுசடியில் ஒரு குட்டை. கடைசிக் காணிகளில் நெல் கதிர் வெளிவர முதலே, குடலையோடு வாடியது. திருத்தியது ஒரே ஒரு அட்டவணை: எத்தனை அடிக்கு எவ்வளவு தண்ணீர்.

அம்புப் படம் மட்டும் இருந்திருந்தால் அந்த வருடப் பழி முழுவதும் துலுசடிக் காணிக்காரரின் தலையில் விழுந்திருக்கும். படமும் ஆமாம் என்றிருக்கும்.

ஆனால் நான் பார்த்தது இரண்டு சிறுபோகம்தான், கடும் வறட்சி இன்னும் வரவில்லை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவை மூழ்கடித்தது போன்ற மழைக்கு இந்தக் கிழமைக் கணக்கு உதவாது. வண்டல் படியப் படிய அந்த அட்டவணையும் பொய்யாகும். திரும்ப எப்போது அளப்பது, யார் அளப்பது என்று அடுத்த கூட்டத்தில்தான் கதைக்க வேண்டும்.