450 ரூபாய் தொழில் சட்டக் கைநூல்: மூலை மட்டும் மானுக்கு

திருகோணமலை மத்திய வீதியில் பழைய புத்தகம் விற்கும் ஒருவரிடம் 450 ரூபாய்க்கு வாங்கிய மெல்லிய தொழில் சட்டக் கைநூல். அட்டையில் ஒரு மூலை இல்லை. அது நூலின் குற்றமல்ல. கடற்கரையில் இருந்து வாசித்தபோது மான் ஒன்று மென்றுவிட்டது.

நான் புடவைக்கடையில் கணக்கு எழுதுகிறவள். சட்டம் படித்ததில்லை. முதல் பத்துப் பக்கத்தில் தூக்கம்தான் வந்தது. இங்கே ரயில் ஏறும்போது வசனம் ஒன்றைத் தொடங்கினால் கல் ஓயா சந்தி வரும்வரை முற்றுப்புள்ளி கிடையாது. சரி, மூடி வைப்போம் என்று நினைத்தபோதுதான் சேமலாப நிதிப் பக்கம் வந்தது.

சம்பளச் சிட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஊழியர் சேமலாப நிதிக்கு என் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதி என்ற இன்னொரு நிதிக்கான 3 வீதம் முழுக்க முதலாளியின் கையிலிருந்து போகவேண்டியது. முன்பு வேலை செய்த இடத்தில் அதையும் என் சம்பளத்தில்தான் கழித்தார்கள். இரண்டு வருடம் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். அந்த வரியில் பென்சில் அழுத்தித் தாளே கிழிந்திருக்கிறது.

நூலில் ஆகத் திறமான இடம் லீவுப் பகுதி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த லீவு 14 நாள் என்பது பலருக்குத் தெரியும். முதல் வருடக் கணக்குத்தான் தெரியாது. மார்ச் முடியுமுன் சேர்ந்தவருக்கு மறுவருடம் 14, ஜூனுக்குள் என்றால் 10, செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. ஓகஸ்ட்டில் சேர்ந்த எனக்கு 7. சின்னதாக ஓர் அட்டவணை, அவ்வளவுதான். முழு நூலையும் இப்படி எழுதியிருக்கக் கூடாதா?

வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்பது ஒரு பக்கத்தில், அதற்கு மேல் நின்றால் ஒன்றரை மடங்கு என்பது முப்பது பக்கம் தள்ளி. பொருளடக்கத்தை நம்பித் தேடினால் கிடைக்காது. பழைய பதிப்பு வேறு. குறைந்தபட்சச் சம்பளத் தொகையை இதில் பார்த்துக்கொண்டு முதலாளியிடம் போகாதீர்கள், தொழில் திணைக்களத்தில் கேளுங்கள்.

தையல் பகுதி அக்காவுக்குப் பணிக்கொடைப் பக்கத்தைக் காட்டினேன். 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்தவர் விலகும்போது, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். எங்கள் கடையில் 18 பேர். அக்கா வந்து 11 வருடம். விரல் விட்டு எண்ணினார்.

"அஞ்சரை மாசச் சம்பளமா, தங்கச்சி?"

அந்தப் பக்கத்தை மட்டும் போட்டோகொப்பி எடுத்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.