பின்பலகையில் எதிரொலி: விலை இறங்கிய கிட்டாரை வாங்கலாமா?

ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமலே ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி, தரும் அகூஸ்டிக் கிட்டார்களின் விலை இறங்கியிருக்கிறதே, இப்போது ஒன்று வாங்கிவிடலாமா என்று தேவாலயப் பாடகர் குழுவில் என்னோடு வாசிக்கும் நண்பர் கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் என்னுடைய கிட்டார் ரிப்பேர் கடையிலிருந்து திரும்பியிருந்தது, பாதி உயிரோடு. ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும். தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே ஒரு கிட்டாரை வைத்து ஒரு நிறுவனத்தை எடைபோடுவது நியாயமில்லை.

ஸ்ப்ரூஸ் மேற்பலகை, மகோகனி பக்கங்கள், ட்ரெட்நாட் வடிவம். இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார். விஷயம் உள்ளே இருக்கிறது. தந்திகளைத் தாங்கும் சேடில் என்ற சிறு துண்டுக்கு அடியில் உள்ள பிக்அப் தந்தியின் அதிர்வை வாங்கிச் சிறிய சர்க்யூட் ஒன்றுக்கு அனுப்புகிறது. அது எதிரொலியைச் சேர்த்து, பின்பலகையின் உட்புறம் பொருத்தியிருக்கும் அதிர்வுக் கருவிக்குத் தருகிறது. ஸ்பீக்கரில் காகிதக் கூம்பு செய்யும் வேலையை இங்கே பின்பலகை செய்கிறது. பலகை அதிர்கிறது, பெட்டிக்குள் காற்று அதிர்கிறது, விரல் மீட்டிய ஒலியோடு கலந்து எல்லாம் கிட்டாரின் உடலிலிருந்தே வெளியே வருகிறது. 2016ல் யமஹா இதை டிரான்ஸ்அகூஸ்டிக் என்ற பெயரில் கிட்டாரில் கொண்டுவந்தது. இன்று வேறு சிலரும் இதே வழியில் செய்கிறார்கள்.

முதலில் புகழ்ந்துவிடுகிறேன், பிறகு மனம் வராது. இரவில், பக்கத்து வீட்டார் தூங்கிய பிறகு, அடுக்ககத்தின் சின்ன அறையில் உட்கார்ந்து ஈ மைனர் கார்டை ஒருமுறை மீட்டிவிட்டுக் கையை எடுத்தால், சுவர்கள் பின்வாங்கிப் போகின்றன. ஒலி அடங்கும்வரை அடுத்த கார்டுக்குப் போகத் தோன்றாது. வேகமாக அடித்து வாசித்துப் பழகிய என் கை இதனால் நிதானப்பட்டது. வயர் இல்லை, பெடல் இல்லை, ஹெட்போன் இல்லை. எதிரொலி காதில் கேட்பதற்கு முன் வயிற்றில் தெரிகிறது, பின்பலகை அங்கேதானே சாய்ந்திருக்கிறது! என்னைப் போல் தொந்தி உள்ளவர்கள் கிட்டாரைச் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும், அழுத்தினால் பலகையின் அதிர்வு மட்டுப்பட்டுவிடும். இதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை.

இனி எரிச்சல். ஐந்தாம் தந்தியில் குறிப்பிட்ட ஓரிரு ஸ்வரங்களை வாசித்தால், பேட்டரிப் பெட்டியின் மூடி 'ர்ர்ர்' என்று கூட நடுங்கும். வாங்கிய சில மாதங்களிலேயே தொடங்கியது. ரிவெர்ப்பைக் கூட்டினால் நடுக்கமும் கூடும். அட்டையை மடித்துச் செருகினேன், பஞ்சு வைத்தேன், கறுப்பு டேப் ஒட்டினேன். ஒரு வாரம் அடங்கும், பிறகு வேறொரு ஸ்வரத்தில் தலைகாட்டும். மெதுவாக வாசிக்கக் கற்றுக்கொடுத்த கருவியே மெதுவான பாட்டின் நடுவில் உறுமுகிறது. திருப்பலியில் காணிக்கைப் பாடலுக்கு முன் வரும் அமைதியில் இது எவ்வளவு கோபம் தரும் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

அதோடு நின்றிருந்தாலும் பொறுத்திருப்பேன். சென்ற மழைக்காலத்தில் ரிவெர்ப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு கரகரத்தது, பிறகு ரிவெர்ப் முழுவதும் போய்விட்டது. ஒலித்துளை வழியாகக் கண்ணாடியை விட்டுப் பார்த்த ரிப்பேர்காரர், சர்க்யூட்டின் ஓரத்தில் பச்சை பூத்திருக்கிறது என்றார். சென்னைக் கடற்காற்று. மர கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் நல்லது என்பார்கள், இங்கே பெரும்பாலான நாட்களில் 70ஐத் தாண்டும். சர்வீஸ் மையத்தில் சர்க்யூட் போர்டை மட்டும் தனியாகத் தருவதில்லையாம், முழு செட்டையும் மாற்ற வேண்டுமாம். புதிய செட்டின் அளவு வேறு, பக்கப் பலகையில் வெட்டியிருக்கும் பழைய துளையில் அது உட்காராது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிட்சி தெருவில் காட்டினேன். சில்லுக்குள் எழுதியிருக்கும் நிரல் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

என் கோபம் தொழில்நுட்பத்தின் மீது அல்ல, அதை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்பதன் மீது. மார்ட்டின் நிறுவனத்தின் மேற்பலகையை உள்ளிருந்து தாங்கும் எக்ஸ் வடிவ உட்கட்டைகள் 1840களிலிருந்து வருபவை. உடலுக்கு வெளியே கழுத்தில் பதினான்கு ஃபிரெட் (விரல் வைக்கும் கட்டம்) உள்ள ட்ரெட்நாட் 1934ல் வந்தது. அந்தக் காலத்துக் கிட்டார்கள் இன்றும் மேடையில் ஒலிக்கின்றன, விலையும் ஏறிக்கொண்டே போகிறது. அப்படிப்பட்ட உடலுக்குள் பத்து வருடம் தாங்குமா என்று தெரியாத சர்க்யூட்டை, வெளியே தெரியாமல், வெட்டித் திணிக்கிறார்கள். வெளியே தெரிந்தால் நாம் வாங்க மாட்டோம் என்ற பயம். அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. 2015ல் கிப்சன் தன் பெரும்பாலான கிட்டார்களில் தானாகச் சுருதி கூட்டும் கருவியைப் பொருத்தி, விலையையும் ஏற்றியது. வாசிப்பவர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடமே பழைய பாணி வரிசையைத் தனியாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆனால் அந்தக் கருவியையாவது கழற்றிவிட்டுச் சாதாரண முறுக்காணியை மாட்டிக்கொள்ளலாம். என் கிட்டாரின் விலாவில் உள்ள ஓட்டையை என்ன செய்வது?

இதற்கு நேர் எதிரான வேலையும் நடந்திருக்கிறது. 1999ல் டெய்லர் நிறுவனம் கழுத்தைப் பசையால் ஒட்டாமல் போல்ட்டால் பொருத்தும் புதிய முறையைக் கொண்டுவந்தது. பழைய முறையில் கழுத்தின் சாய்வைத் திருத்த வேண்டுமானால் ஆவி பிடித்துப் பசையை இளக்க வேண்டும், அது நிபுணர் வேலை. டெய்லரில் போல்ட்டைக் கழற்றி, மெல்லிய மரத்தகட்டை மாற்றிவைத்தால் முடிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டாரின் கதையும் அப்படித்தான். 1954ல், எந்தப் பிக்அப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மூன்று நிலை ஸ்விட்சோடு வந்தது. வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி வைத்துப் புது ஒலியைக் கண்டுபிடித்தார்கள். 1977ல்தான் நிறுவனம் ஐந்து நிலை ஸ்விட்சை வைத்தது. தாமதம்தான், ஆனாலும் வாசிப்பவர்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். அந்த ஸ்விட்ச் கெட்டால் சால்டரிங் தெரிந்த யாரும் மாற்றிவிடுவார்கள்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரி இல்லாவிட்டாலும், போர்டு செத்தாலும், இது கிட்டார்தான். ஞாயிறு தவறாமல் வாசிக்கிறேன். ஒலி கொஞ்சம் வறண்டு தெரிகிறது. பின்பலகையில் தொங்கும் கருவியின் எடை காரணமா, ரிவெர்ப்புக்குப் பழகிய என் காது காரணமா, தெரியவில்லை.

ஆகவே, நண்பரே, வாங்காதீர்கள். அதே பணத்துக்கு இதைவிட நல்ல மரத்தில் சாதாரணக் கிட்டார் கிடைக்கும். எதிரொலி வேண்டுமென்றால் பின்பலகையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் தனிக் கருவிகள் இருக்கின்றன, மரத்தில் துளை போட வேண்டியதில்லை, கெட்டால் கழற்றி வீசலாம். நான் வாசித்துப் பார்த்தேன். வயிற்றில் இடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் ஒல்லி, உங்களுக்குச் சரியாக வரும்.

ஓட்டையை ஈட்டி மரத்துண்டு வைத்து அழகாக அடைத்துத் தருகிறேன் என்று ரிப்பேர்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். கழுத்து உடைந்த இதே மாடல் ஒன்று பெங்களூரில் கிடக்கிறதாம், போர்டு மட்டும் நன்றாக இருக்கிறதாம். கேட்கும் விலை அநியாயம். பாதியை அனுப்பிவிட்டேன். மூடிக்கு இந்த முறை ரப்பர் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.