யான் லாய்கனின் இரத்தசாட்சிப் படங்கள்: ஒரு மறுபதிப்புத் தொகுப்பின் மதிப்புரை

நெதர்லாந்தில் பழைய அச்சுப்படங்களின் மறுபதிப்புகளை இணையவழி விற்கும் ஒரு கடையில் இத்தொகுப்பை வாங்கினேன். இரத்தசாட்சிகளின், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்நீத்தவர்களின், வரலாறுகளைத் தீலமன் வான் பிராக்ட் தொகுத்து 1660-இல் வெளியிட்ட ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்ற நூல் 1685-இல் ஆம்ஸ்டர்டமில் மறுபடி அச்சானபோது, அதற்காக டச்சு ஓவியர் யான் லாய்கன் செப்புத்தகடுகளில் அமிலத்தால் அரித்து உருவாக்கிய 104 படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை இவை. ஆதித் திருச்சபையின் சாட்சிகளைக் காட்டும் படங்களை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் தருவதை மறுத்த பதினாறாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் பிரிவினரான அனபாப்டிஸ்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டது நல்ல முடிவு. லாய்கனும் அவர்கள் வழிவந்த மென்னோனைட் சபையினர்தாம்.

கொடுமையைக் காட்ட வந்த ஓவியர் கொடுமையின் உச்சத்தைப் பல இடங்களில் தவிர்த்துவிடுவதே இப்படங்களின் வலிமை என்று நான் கருதுகிறேன். 1569-இல் அஸ்பெரன் ஊரில் எரிக்கப்பட்ட டிர்க் வில்லெம்ஸின் படத்தில் நெருப்பே இல்லை. தப்பியோடும்போது, தன்னைத் துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்ததைக் கண்டு திரும்பி வந்த அவர், குனிந்து இரு கைகளையும் அவனிடம் நீட்டும் கணம் மட்டுமே இருக்கிறது. காப்பாற்றப்பட்டவன் அவரை விட்டுவிட விரும்பியும், கரையில் நின்ற நகரத் தலைவர் அவனுடைய பதவிப் பிரமாணத்தை நினைவூட்டிப் பிடிக்கவைத்தார் என்கிறது நூல். 1573-இல் ஆண்ட்வெர்ப்பில், பேசாதிருக்க நாக்கில் திருகாணி பூட்டி எரிக்கப்பட்ட மைக்கன் வென்ஸின் படமோ எல்லாம் முடிந்த பிறகு தொடங்குகிறது: அவருடைய மகன்கள் சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடுகிறார்கள். தாயின் முகத்தை வரைந்திருந்தால் இந்த அளவு மனம் கலங்கியிருக்குமா என்பது ஐயமே.

இப்படிப்பட்ட படங்களுக்குப் பின்னணியும் ஓரங்களும் உயிர்நாடி. அங்கேதான் மறுபதிப்பு சறுக்குகிறது. ஆம்ஸ்டர்டமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகம் இணையத்தில் இலவசமாகத் தரும் லாய்கன் படங்களோடு ஒப்பிட்டபோது, கடைக்காரர் படச்சட்டத்துக்குள் பொருந்தவேண்டும் என்பதற்காகச் சில படங்களின் ஓரத்தை வெட்டியிருப்பதும், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் மெல்லிய கோடுகள் மை அப்பி ஒன்றாகிவிட்டிருப்பதும் தெரிந்தன. நூலின் ஒரு பக்கத்தில் எழுத்துகளோடு இடம் பகிர்ந்துகொண்ட சிறிய படங்களைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கியதும் பொருத்தமாகப் படவில்லை. இவை கையில் வைத்து, கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து பார்க்கவேண்டியவை.

தாள் தடிமனானது, பழுப்பேறிய தோற்றத்தைச் செயற்கையாக ஏற்றாதது. பொதி கட்டியதிலும் குறையில்லை. ஆனால் எந்தப் படத்தின் கீழும் பெயரோ ஊரோ ஆண்டோ அச்சிடப்படவில்லை. கதை தெரியாதவருக்கு டிர்க் வில்லெம்ஸ் நீரில் விழுந்தவரைத் தூக்கும் யாரோ ஒரு வழிப்போக்கராகவே தெரிவார். ஓரம் வெட்டாத பதிப்பைத் தனியாகக் கேட்டால் அனுப்புவதாகக் கடை தெரிவித்திருக்கிறது. வாங்குபவர்கள் அதையே, சிறிய அளவில், கேட்டுப் பெறுவது நல்லது.