விட்னி மலைக்கு இரண்டு தாள் எதற்கு?

கோடையில் கலிபோர்னியாவின் விட்னி சிகரம் ஏறப்போகும் நண்பர், அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் (USGS) 1:24,000 அளவு (தாளில் ஓர் அங்குலம், நிலத்தில் 2,000 அடி) நிலத்தோற்ற வரைபடத்தைத் தாளாகவே வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். என்னுடையது பல ஆண்டுகளாக மடித்து விரித்து, இப்போது பின்பக்கம் ஒட்டிய நாடாவின் தயவில் உயிரோடு இருக்கிறது.

குறையை முதலில் கொட்டிவிடுகிறேன். இந்த வரிசையில் ஒவ்வொரு தாளும் 7.5 நிமிட (ஒரு பாகையில் எட்டில் ஒரு பங்கு) அட்சரேகைக்கும் 7.5 நிமிட தீர்க்கரேகைக்கும் வெட்டப்பட்டது. வெட்டியவர்களுக்கு மலையும் பொருட்டில்லை, நடப்பவர்களும் பொருட்டில்லை. இன்யோ தேசிய வனத்தில் பாதை தொடங்கும் விட்னி போர்ட்டல், ‘மவுண்ட் லாங்லி’ தாளின் மேற்கு ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு 118°15′ தீர்க்கரேகையைத் தாண்டியதும் ‘மவுண்ட் விட்னி’ தாள். சிகரத்துக்குச் சுமார் 11 மைல். அதில் முதல் சில மைல்களுக்காக இன்னொரு முழுத் தாளையும் சுமக்க வேண்டும். காற்றடிக்கும் சரிவில் இரண்டையும் ஓரம் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், என் எரிச்சல் புரியும்.

ஆனால் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் அந்தப் பழுப்புச் சமஉயரக் கோடுகள்! கோட்டுக்குக் கோடு 40 அடி, ஐந்துக்கு ஒன்று தடித்த கோடு. ‘99 வளைவுகள்’ என்று பெயரெடுத்த ஏற்றத்தில் கோடுகள் ஒன்றையொன்று நெருக்குவதைப் பார்த்தாலே மூச்சு வாங்குகிறது. கோடுகள் வளைந்து மேட்டுப்பக்கம் கூர்முனை காட்டும் இடமெல்லாம் பள்ளம். முனை இறக்கப்பக்கம் காட்டினால் அது மலைமுகடு. இது பழகிவிட்டால், மேகம் மூடினாலும் எந்தப் பள்ளத்தின் ஓரம் நிற்கிறோம் என்று ஊகிக்கலாம். செல்பேசித் திரையில் முழு மலையும் ஒருசேரக் கண்ணில் விழுவதில்லை. குளிரில் அதன் மின்கலமும் சீக்கிரம் படுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: 35 அடிச் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவே சுவடே தெரியாமல் ஒளிந்துகொள்ள முடியும். பாதையை விட்டு விலகுகிறவர்கள் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். உச்சியின் உயரம் பழைய கணக்கில் 14,494 அடி, இன்று 14,505. மலை வளர்ந்துவிடவில்லை, உயரத்தை அளக்கும் அடிப்படையை மாற்றினார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், வாங்காதீர்கள். என்னுடையதை இரவலும் கேட்காதீர்கள். இரண்டு தாள்களும் பி.டி.எஃப். கோப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. கணினியில் ஒட்டி, உங்கள் பாதை நடுவில் வரும்படி வெட்டி அச்சிடுங்கள். அச்சகத்தில் காகிதத்துக்கு ஏற்றபடி படத்தைச் சுருக்கிவிடுவார்கள், அங்கேயே படத்திலுள்ள தூரக் கோட்டின் மேல் அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 2,000 அடி வராவிட்டால் காசு கொடுக்காதீர்கள்.