கலைவாணரின் ஆரம்பகாலப் பதிவுகள்: பிளேட்டா, தொகுப்பா, கைப்பேசியா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். பித்தளைச் செம்பும் பர்மாத் தேக்குத் தூணும் தேடி வருகிற கூட்டத்தில் நான் மட்டும் மூலையில் உட்கார்ந்து கிராமபோன் பிளேட்டுகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அவர் மனைவி டி.ஏ.மதுரமும் பேசிப் பாடிய பிளேட் ஏதாவது கண்ணில் படாதா என்றுதான்.

கலைவாணரின் பழைய பதிவுகளைக் கேட்க இன்று மூன்று வழி இருக்கிறது: மூல பிளேட், தொகுத்துப் போட்ட சிடி, கைப்பேசி. மூன்றிலும் பல நாள் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கைப்பேசியை முதலில் முடித்துவிடலாம். தேடினால் நொடியில் வருகிறது, காசும் இல்லை. ஆனால் கேட்பது படத்தின் ஒலியா, இசைத்தட்டின் ஒலியா என்று பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டும் ஒன்றல்ல. பின்னணிப் பாட்டு வழக்கத்துக்கு வருமுன் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே பாடினார்கள். பிளேட்டுக்காகத் தனியாக மறுபடி பாடினார்கள். பாட்டு ஒன்றாக இருந்தாலும் நையாண்டி வேறு மாதிரி விழும். அவசரத்துக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

பிளேட் விஷயம் வேறு. எங்கள் ஐயா (தாத்தா) வீட்டு முகப்பில் ஒரு பெட்டி கிராமபோன் இருந்தது. சாவி கொடுத்து, ஊசி மாற்றி, முள்ளை மெதுவாக இறக்க வேண்டும். 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கம் 3 நிமிடம் சொச்சம் ஓடும். என்னிடம் உள்ள ஒரு பிளேட்டில் கலைவாணர் ஒரு கேள்வி கேட்கிறார். மதுரம் பதில் சொல்லுமுன் முதல் பக்கம் தீர்ந்துபோகும். எழுந்து போய்த் திருப்பிப் போட்டால்தான் பதில். அந்த இடைவெளியில் ஆயா (பாட்டி) தானே ஒரு பதில் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். வில்லுப்பாட்டிலும் நாடகக் கொட்டகையிலும் தேர்ந்த மனிதருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது. பிளேட்டில் அந்த நிறுத்தம் அப்படியே இருக்கிறது, கரகரப்போடு.

தொகுப்புக்கு வருவோம். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரு சிடியின் உறையில் பாட்டின் முதல் வரி மட்டும்தான் இருந்தது. ஆண்டு இல்லை, எந்தக் கம்பெனித் தட்டு என்ற விவரம் இல்லை. ‘ஆரம்பகாலம்’ என்று தலைப்புப் போட்டுவிட்டு, 1949இல் வந்த ‘நல்ல தம்பி’ படத்தின் கிந்தனார் காலட்சேபத்தையும் உள்ளே வைத்திருந்தார்கள். கலைவாணர் முதன்முதலில் திரையில் வந்தது 1935இல். 1944 கடைசியில் சிறைக்குப் போய் 1947இல்தான் வெளியே வந்தார். சிறைக்கு முன்னும் பின்னும் அவர் பேச்சின் கனமே வேறு. அதைக் கலந்து கொடுத்தால் கேட்கிறவனுக்கு அவர் வளர்ந்த விதம் எப்படிப் பிடிபடும்?

அதைவிட மோசம் வேகம். நிமிடத்துக்கு 78 சுற்று என்பது பெயருக்குத்தான். பதிவு செய்தவர்கள் கொஞ்சம் முன்னே பின்னே ஓடவிட்டிருப்பார்கள். அதைச் சரிபார்க்காமல் மாற்றியதில், அந்த நாஞ்சில் நாட்டு இழுப்பு போய், யாரோ சின்னப் பையன் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. இரைச்சலைத் துடைக்கிறேன் என்று மதுரம் சிரிக்குமுன் இழுக்கிற மூச்சையும் துடைத்துவிட்டார்கள். பாடகர் என்றால் போகட்டும், குரலாவது மிஞ்சும். நகைச்சுவையில் மூச்சும் மௌனமும் போனால் என்ன மிஞ்சும்?

இவ்வளவு சொல்லியும், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் தொகுப்பைத்தான் எடுப்பேன். அரக்குத் தட்டு கைதவறினால் சுக்குநூறு. தவறாவிட்டாலும், இரும்பு ஊசி ஓடுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரலைச் சுரண்டிக்கொண்டுதான் போகிறது. ஆயா சிரித்துக் கேட்ட அந்த பிளேட் அதனால்தான் இப்போது பாதி மங்கிக் கிடக்கிறது. ஆக, நல்ல தொகுப்பு வராமல் தீராது. இரண்டு பக்கமும் வெட்டாமல், வேகம் சரிபார்த்து, கரகரப்பைத் தொடாமல், ஆண்டும் தட்டு எண்ணும் அச்சிட்டு வர வேண்டும்.

அதைச் செய்ய இந்த ஊருக்கு ஒரு உரிமையே உண்டு. ஏவி.மெய்யப்பன் காரைக்குடிக்காரர், படம் எடுக்க வருமுன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று இசைத்தட்டு வியாபாரம் செய்தவர். இங்கே பூட்டிக் கிடக்கும் வளவு வீடுகளில், இரண்டாம் கட்டு அலமாரிகளில், இன்னும் எத்தனை பிளேட் இருக்கிறதோ! முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வீடு திறக்கும்போது, பித்தளைச் சாமானோடு சேர்த்து எடைக்குப் போடாதீர்கள். அடுக்கிப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். ஒரு தடவை மட்டும் ஓட்டி, அந்த ஒரு தடவையிலேயே பதிவு செய்துவிடுங்கள்.