எடைக்குறைப்பு அறுவைக்குப் பின்: தருமபுரியில் ஒரு தொடர்சிகிச்சை மருத்துவமனை

பெங்களூரில் இரைப்பை பைபாஸ் (எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும்) அறுவை செய்துகொண்ட என் அக்காவுக்குச் சில வாரங்களில் ஓயாத வாந்தியும் கால் மரத்துப்போதலும் தொடங்கியபோது, அறுவை செய்த மருத்துவமனை அதைச் சாதாரணம் என்று தொலைபேசியிலேயே சொல்லி முடித்துவிட்டது. தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய மருத்துவமனையின் மருத்துவரோ, தொடர் வாந்தியால் வைட்டமின் பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம் என்பதை உணர்ந்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் (அதாவது பி1) ஊசியைப் போட்டார்; இந்த வரிசை மிக முக்கியமானது. பி12, இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும் என்பதையும், இனிப்பு உண்டதும் படபடப்பும் வியர்வையும் ஏன் வருகின்றன என்பதையும், ராகிக் களியை எப்போது சிறு கவளமாகத் தொடங்கலாம் என்பதையும் பொறுமையாக விளக்கினார். கட்டணம் நியாயமானது. ஸ்கேன் வசதி இல்லாததால், பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க வெளியே செல்ல வேண்டியிருப்பது உண்மையான குறை. அறுவை முடிந்த புதிதில் காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கடும் வயிற்றுவலி ஆகியவை வயிற்றுக்குள் இரைப்பை, குடல் தையலில் ஏற்படும் கசிவின் அறிகுறிகளாக இருக்கலாம் என்பதால், அத்தகையோர் இங்கே காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.