ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல்: எது எங்கே?

ஆங்கில அகராதியில் அடுத்தடுத்து நிற்கும் ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிகல் ஆகிய இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து கிளைத்தவை என்றாலும், இன்றைய வழக்கில் முன்னது வரலாற்றில் தடம் பதித்ததையும், பின்னது வரலாற்றைச் சார்ந்த எதனையும் குறிக்கின்றன. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் கால்வைத்தது ஹிஸ்டாரிக் நிகழ்வு. அம்மாதத்துக் கடைக்கணக்கு ஒன்று ஆய்வாளர் கையில் கிடைத்தால், அது ஹிஸ்டாரிகல் ஆவணம். நாவல் என்ற சொல்லுக்கு முன்னால் இரண்டையும் மாற்றி வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும்: ஹிஸ்டாரிகல் நாவல் கடந்த காலத்தைக் களமாகக் கொண்ட கதை, ஹிஸ்டாரிக் நாவலோ இலக்கியத்தின் போக்கையே திருப்பிய படைப்பு, அதன் கதை எக்காலத்தில் நடந்தாலும் சரி. முற்காலத்தில் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றியும் ஆண்டனர் என்பது உண்மைதான். ஆயினும் தமிழில் பெயர்க்கும்போது இரண்டுக்கும் ‘வரலாற்று’ என்றே போட்டுவிடாமல், ஹிஸ்டாரிக் வருமிடத்தில் ‘வரலாற்றுச் சிறப்புமிக்க’ என எழுதுவதே சரியென்பேன்.